ஒரு வாய் பன்சித்

கப்பலில் இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறவர் ஆர்னெல். அதனால் ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு என்பது அவருக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

விடுமுறையில் பிலிப்பைன்ஸில் தன் ஊரான இலோய்லோவுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மனைவி மரிவிக், சித்தி இறந்துவிட்டார் என்று மலைப்பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். அங்கே போனில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். வீட்டில் அவரும் மகன் எல்ஜனும் மட்டும். மகனுக்குப் பதினாறு வயது. உயரத்தில் அப்பாவைத் தாண்டிவிட்டான்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் வாசலில் தயங்கி நின்றான்.

"பா, பிராக்டிஸ் முடிஞ்சதும் பசங்க இங்க வராங்க. வெளியில ஏதாவது வாங்கிக்கட்டுமா?"

"சமையல்காரன் வீட்டுல இருக்கும்போது வெளியில வாங்குவியா? என்னடா பேச்சு இது?"

"இல்ல, உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்."

சிரமம் என்ற சொல் ஆர்னெலுக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "பாஸ்கெட்பால் ஆடிட்டு வர்ற பசங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். நீ போ" என்று அனுப்பிவைத்தார்.

என்ன செய்வது என்று அவர் யோசிக்கவேயில்லை. பன்சித்தான். அதுவும் கெட்டிக் குழம்பு ஊற்றின பன்சித். நூடுல்ஸை வேகவைத்து, மேலே குழம்பை ஊற்றி, முட்டையையும் பன்றித்தோல் வறுவலையும் தூவினால் முடிந்தது. கப்பலில் அது செய்கிற நாளில் கிரேக்கக் கேப்டன்கூட இரண்டாம் தரம் தட்டை நீட்டுவார்.

சந்தையில் தலையோடு இருந்த இறாலாகப் பொறுக்கி வாங்கினார். சிலது பைக்குள்ளேயே துள்ளிக்கொண்டிருந்தன. மத்தியானமே அடுப்படிக்குள் போய்விட்டார். இறால் தலைகளையும் ஓடுகளையும் கொதிக்கவைத்து, இடித்து, துணியில் கட்டிப் பிழிந்தார். அந்தச் சாற்றில்தான் குழம்பின் உயிரே இருக்கிறது. மாவு கரைத்து ஊற்றிக் கிளறக் கிளற, அது ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று கெட்டிப்பட்டது. ஒரு பானை நிறையச் சோறும் வடித்தார். இந்த வயசுப் பிள்ளைகள் நூடுல்ஸுக்கும் சோறு கேட்பார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வாசல் முழுக்க ஷூக்கள் விழுந்தன. வியர்வை நாற்றமும் சிரிப்பும் ஒன்றாக உள்ளே வந்தன. எல்லாருக்கும் முன்னால் வந்தவன் பிக்பாய். பெயருக்கு ஏற்ற உடம்பு.

"தீத்தோ, தெரு முனையிலேயே மூக்கு என்னை இழுத்துட்டு வந்துருச்சு!"

சிநேகிதனின் அப்பாவை இங்கே தீத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆர்னெலுக்கு அது இதமாக இருந்தது.

"கை கழுவிட்டு வாடா. பானையைப் பாத்தே பாதியைக் காலி பண்ணிடுவ போலருக்கு."

"பாதியெல்லாம் எனக்கு. மீதியை இவனுங்க பங்கு போட்டுக்கட்டும்."

பிக்பாய்க்குப் பின்னால் இரட்டையர் இரண்டு பேர். அப்புறம் ஷைரா, பெண்கள் அணியில் ஆடுகிறவள். கடைசியாக எல்ஜன். உள்ளே வந்ததும் அவன் ஒரு தரம் மூச்சை இழுத்தான். ஷைராவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இரண்டு பேருக்குள்ளும் ஏதோ இருக்கிறது போல என்று ஆர்னெல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பெரிய தாம்பாளத்தில் பன்சித்தைக் கொட்டி நடுவில் வைத்தார். இரட்டையர் பேசுவதை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

"தீத்தோ, சோறு இருக்கா?"

"இருக்குடா, இருக்கு."

"கப்பல்ல ஆள் எடுக்கறாங்களா? தட்டு கழுவறேன். சம்பளமே வேண்டாம், இதைப் போட்டா போதும்" என்றான் பிக்பாய்.

எல்ஜன் மட்டும் வெறும் சோற்றில் சோயா சாஸ் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நீ எடுத்துக்கலையா, தோதோ?" சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப்பெயர் வாயில் வந்துவிட்டது.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு பா. அப்புறமா சாப்பிடறேன்."

"அப்புறம்னா பிக்பாய் பானையையும் சேத்துத் தின்னுடுவான்." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஆர்னெலுக்குத் தைரியம் வந்தது. "அம்மா கைக்குப் பழகிட்ட. அப்பன் கை கசக்குது, அப்படித்தானே? ஒரே ஒரு வாய் சாப்பிடு. எனக்காக."

"தீத்தோ, அவனுக்கு…" என்று ஷைரா ஆரம்பித்தாள்.

"ஷைரா, சும்மா இரு." எல்ஜன் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தான். "ஒரு வாய்தானே."

மேலே கிடந்த இறால்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் நூடுல்ஸ் எடுத்து வாயில் போட்டான். அப்பா பார்த்துக்கொண்டே நின்றதால் இன்னொரு வாயும் எடுத்தான்.

"நல்லா இருக்கு பா."

எந்தக் கேப்டனின் பாராட்டும் ஆர்னெலுக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. எலுமிச்சை எடுத்துவர அடுப்படிக்குள் போனார். நறுக்கிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிவந்து பார்த்தால், எல்ஜனின் உதடுகள் இரண்டு மடங்காக வீங்கியிருந்தன. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூச்சு விசில் மாதிரி வந்தது.

"என்னடா ஆச்சு? சிக்கிக்கிச்சா?" என்று முதுகில் தட்டினார்.

"தட்டாதீங்க தீத்தோ! அவனுக்கு இறால் ஆகாது!" ஷைரா ஏற்கெனவே ஃப்ரிட்ஜின் மேல் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு டப்பா அங்கே இருப்பதே ஆர்னெலுக்குத் தெரியாது.

"இறாலா? அவன்தான் இறாலை எல்லாம் ஒதுக்கிட்டானே…"

"குழம்பே இறால்தானே, தீத்தோ!"

ஆமாம். அவர்தான் இடித்தார். அவர்தான் பிழிந்தார்.

ஷைரா டப்பாவிலிருந்த அலர்ஜி மாத்திரையை எல்ஜனின் நாக்கில் வைத்தாள். பிக்பாய் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி ஒரு வாடகை டிரைசைக்கிளை மறித்துக் கொண்டுவந்தான். ஷைராவும் கூட ஏறிக்கொண்டாள். வண்டிக்குள் எல்ஜன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஆர்னெல் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் உடனே தொடையில் ஊசி போட்டார்கள். நர்ஸ் கேள்விகளோடு ஆர்னெலிடம் வந்தாள்.

"இதுக்கு முன்னாடி எப்ப இப்படி வந்துச்சு, சார்?"

ஆர்னெல் வாயைத் திறந்தார். "ஆறாம் வகுப்புல ஒரு தடவை, போன வருஷம் ஸ்கூல் விழாவுல ஒரு தடவை" என்றாள் ஷைரா.

"வேற எதாவது ஒத்துக்காதா?"

"நண்டு. மாத்திரைல, அந்த மஞ்சள் கலர் ஒண்ணு இருக்கே, அது."

"எடை எவ்வளவு இருக்கும்?"

அதற்கும் ஷைராதான் பதில் சொன்னாள். பிறந்த தேதி கேட்டபோது மட்டும் ஆர்னெல் முந்திக்கொண்டார். நர்ஸ் எழுதிக்கொண்டே, "அம்மா வரலையா?" என்றாள்.

கப்பலில் இரண்டாம் இன்ஜினியருக்கு வேர்க்கடலை ஆகாது. புதிதாகச் சேர்ந்த பையன் பன்றி தொடமாட்டான். கேப்டனுக்குச் சர்க்கரை. இத்தனை வருஷத்தில் ஒருவனுக்கும் தட்டு மாறிப் போனதில்லை.

வீக்கம் மெதுவாக இறங்கியது. ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். ஆர்னெல் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருக்கோம் பா. நானும் அம்மாவும். போன்ல." குரல் கரகரத்தது. பிறகு அவனே சொன்னான்: "சிக்னல் இருந்திருக்காது."

"சரி, இன்னைக்கு? இன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"பசங்க முன்னாடி எப்படிப் பா? நீங்க மத்தியானத்துலேருந்து நின்னு செஞ்சிருக்கீங்க. ஒதுக்கிட்டுச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

ஆர்னெல் போர்வையை இழுத்துவிட்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வெளியே நடையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிக்பாயின் வெறுங்கால்கள் புழுதியாக இருந்தன.

"தீத்தோ, தப்பா நெனைக்காதீங்க" என்று மெல்ல ஆரம்பித்தான். "வீட்டுல அந்தப் பன்சித்…"

ஷைரா அவன் தலையில் ஒன்று வைத்தாள். "உனக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?"

"பசிக்குதுடி. பயத்துல எனக்கு இன்னும் ஜாஸ்தியா பசிக்குது."

ஆர்னெல் சாவியை அவன் கையில் கொடுத்தார். "போய் மிச்சம் வைக்காம சாப்பிடுங்க. ஷைரா, நீயும் போம்மா. வீட்டுல தேடுவாங்க." இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

எல்ஜனுக்கும் பசித்தது. சாப்பிடக் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள்.

"என்ன வாங்கிட்டு வரட்டும்?"

"எதுவானாலும் பரவால்ல பா."

"அப்படிச் சொல்லாத. உனக்கு எது பிடிக்கும்னு சொல்லு."

"நெஜமாவே எதுனாலும் ஓகேதான்."

எதிர்க்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரிந்தது. பன், பொரித்த பலகாரம், நூடுல்ஸ் பொட்டலம், கோழிக்கஞ்சி. "இதுல இறால் இருக்கா?" என்று ஆர்னெல் கேட்டார். கடைக்காரப் பெண் இல்லை என்றாள். "கஞ்சியில? மேல தூவறீங்களே, அதுல? எந்த எண்ணெயில பொரிச்சீங்க? அதே எண்ணெயில வேற என்ன பொரிச்சீங்க?" அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவருக்கு எதன் மேலும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அறைக்கு வெளியிலேயே மகனின் குரல் கேட்டது. மரிவிக்குக்கு எப்படியோ சிக்னல் கிடைத்திருந்தது.

"ம்… சாப்பிட்டோம்மா. பசங்க எல்லாரும் வந்தாங்க. அப்பா பன்சித் பண்ணாங்க… ஆமா, சூப்பரா இருந்துச்சு… குரலா? கத்திக் கத்தி ஆடினதுல கட்டிக்கிச்சு. ஒண்ணுமில்ல." பிறகு குரல் தாழ்ந்தது. "நீ எப்பம்மா வர்ற? நாளைக்கே வந்துடேன்."

ஆர்னெல் கதவருகே நின்றார். உள்ளே போனால் போனை அவரிடம் நீட்டுவான். நீட்டினால் மரிவிக்கிடம் என்ன சொல்வது? மகன் சொன்னதையே சொல்வதா, நடந்ததைச் சொல்வதா? வாழைப்பழச் சீப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பேச்சு முடியும்வரை வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.