தட்டினால் யாரு என்று கேட்க வேண்டும்

கிறிஸ்துமஸ் முடிந்ததும் நட்சத்திரம், சீரியல் விளக்கு, படப்புத்தகங்கள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, ஒட்டி, பரணில் ஏற்றிவிட வேண்டும். நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டில் அத்தான் போட்ட சட்டம் இது. அவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். வீட்டிலும் ஒரு சாமான் இடம் மாறியிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தத் தடவை பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் நான் புத்தகங்களை மட்டும் உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டால் கொடுத்துவிடவா போகிறார்?

வெயில் காலம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்த வெயில்ல யாராவது கிறிஸ்துமஸ் கதை படிப்பாங்களா?"

"உங்க பொண்ணுக்குத் தேதி பாக்கத் தெரியாது அத்தான். அவ கேக்குறா, நான் படிக்கிறேன்."

"அவ எங்க கேட்டா? அவதான் வாயே தெறக்கறதில்லையே."

அது உண்மைதான். பொடிசுக்கு நாலு வயது நெருங்குகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காதில் குறையில்லை, அவளுக்குத் தோன்றும்போது பேசுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நம்பியது நான் ஒருத்திதான். ஆனால் கேட்க வாய் எதற்கு? நான் வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தைத் தூக்கிவந்து என் மடியில் தொப்பென்று போடுவாள். இதைவிடத் தெளிவாக யார் கேட்பார்கள்?

எத்தனை புத்தகம் இருந்தாலும் அவளுக்கு உயிர் ஒன்றின் மேல்தான். நிறைமாத மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி வீடு வீடாக அலையும் கதை. பக்கத்துக்குப் பக்கம் திறந்து மூடும் அட்டைக் கதவு. திறந்தால் உள்ளே ஒருவர் இடமில்லை என்று கையை விரிப்பார். கடைசியில் மாட்டுத் தொழுவத்தின் கதவு. அதைப் பல் முளைத்த புதிதில் பொடிசு கடித்துத் துப்பிவிட்டாள். நான் வேலை பார்க்கும் முடிவெட்டும் கடையிலிருந்து தலைச்சாய அட்டையைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டினேன். அதனால் எங்கள் தொழுவத்துக் கதவில் மட்டும் ஒரு பெண்ணின் பாதிக் கூந்தல் பளபளக்கும்.

கதவைச் சும்மா திறக்கக் கூடாது என்பது எங்கள் இருவரின் சட்டம். பொடிசு விரலை மடக்கிப் படத்தின் மேல் தட்டுவாள். நான் கட்டைக் குரலில், "யாரு?" என்பேன். பிறகு மரியாளுக்காகக் கீச்சுக் குரலில் நானே, "நாங்கதான், தெறங்க" என்பேன். அப்புறம்தான் கதவு திறக்கும்.

"நீயே கேக்குற, நீயே பதில் சொல்லிக்கிற," என்பாள் அக்கா. "அவ பேச நீ எங்கடி எடம் விட்ட?"

"அவளுக்கும் சேத்து நான் பேசறேன். உனக்கு எங்க வலிக்குது?"

கடையிலும் எனக்கு அந்தப் பெயர்தான். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது.

பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தது. இங்கே எடுக்காவிட்டால் பொடிசை வெளியூரில் தன் அண்ணன் வீட்டில் விட்டு, அங்கே பேசாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்ப்பது என்று அத்தான் முடிவு கட்டியிருந்தார். அக்கா அழுது பார்த்தாள். அவர் பிடிகொடுக்கவில்லை. அன்றைக்கு அக்காவுக்கு வேலையில் லீவு கிடைக்காததால் நான் கூட்டிப்போனேன். பொடிசு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜம்மென்று நடந்தாள்.

தலைமையாசிரியை மேசைமேல் ஒரு படத்தை வைத்தார். சிவப்புக் கூரை போட்ட வீடு.

"இது என்ன, சொல்லு பாப்போம்."

பொடிசு படத்தைப் பார்த்தாள். விரலை மடக்கி, வீட்டுக் கதவின் மேல் தட்டினாள். தட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த படத்தை எடுத்தார். அதிலும் ஒரு கதவு இருந்தது. அதையும் தட்டினாள்.

"படத்தத் தட்டக் கூடாதும்மா, பேரச் சொல்லணும்." என்னிடம் திரும்பினார். "பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க. இப்ப கஷ்டம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அவ ஒழுங்காத்தாங்க தட்டினா. வீடுன்னு தெரியாமலா கதவத் தட்டுவா? தட்டினா யாருன்னு கேக்கணும். நீங்க கேக்கல. இதுல பெயிலானது அவ இல்ல."

"கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

"மரியாதையாத்தான் சொல்றேன். உங்க பள்ளிக்கூடம் இல்லேன்னா இன்னொண்ணு. இவள எந்த ஊருக்கும் அனுப்ப நான் விடமாட்டேன். இன்னும் எத்தன கதவு இருக்கோ, அத்தனையும் தட்டுவோம்."

பொடிசின் கையைப் பிடித்து வெளியே வந்தேன். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்தேன். கோபம் வந்தால் எனக்கு அழுகையும் கூடவே வந்துவிடும், என்ன செய்ய?

அதற்குள் என் கையிலிருந்து அவள் கை நழுவியது. பொடிசு திரும்பிப் போய், சாத்திய கதவின் முன்னால் நின்றாள். விரலை மடக்கித் தட்டினாள்.

உள்ளேயிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. "யாரு?"

பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்கதோஷம். எப்படி அடக்கினேனோ தெரியாது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். பொடிசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை.

"யாருங்க அது?"

பொடிசு கதவுப் பக்கம் திரும்பினாள். நான் மரியாளுக்குப் போடும் அதே கீச்சுக் குரல்.

"நாங்கதான். தெறங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், குனிந்து அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இப்ப பேசினது யாரு?"

"என்னைய எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன். "தட்டினவளக் கேளுங்க."