தேஷாவின் வாசலில் அழுதவர்கள்

வேடிக்கைக்காரர் தேஷா செத்துப்போனார் என்றதும் உஸ்பெக் நாட்டு மர்கிலான் சந்தையில் பாதிக் கடைகள் தாமாகவே மூடிக்கொண்டன. கல்யாண வீட்டில் அவர் வாய் திறந்தால் மாப்பிள்ளையே பெண்ணை மறந்துவிட்டுச் சிரிப்பான். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிள்ளையும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. அந்த ஊரில் துஷ்டி வீட்டு வாசலில் சொந்தக்கார ஆண்கள் அங்கிமேல் இடுப்புத்துணியை இறுக்கிக் கட்டி, தடியூன்றி நின்று, வருகிறவர்கள் தலை தெரிந்ததுமே உரக்க அழ வேண்டும். அழ ஆளில்லாவிட்டால் செத்தவர் அநாதை என்று ஊர் சொல்லிவிடும்.

"நாம நிப்போம்," என்றான் ரொட்டி சுடுகிற யூல்ச்சி. தேஷாவின் வேடிக்கை எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நின்னா ஆச்சாடா? சத்தம் வரணும்," என்றான் அவன் கூட்டாளி காபில். "உனக்கு ரொட்டி கருகினாத்தானே அழுகை வரும்."

"வாயை மூடு. அண்ணனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது."

தெருமுனையில் பெரியவர்கள் நாலு பேர் தெரிந்தார்கள். யூல்ச்சி தடியை ஊன்றி அடித்தொண்டையிலிருந்து எடுத்தான்.

"ஐயோ, எங்கண்ணே... ஏ... ஏக்!"

காபிலின் தோள் சிரிப்பில் குலுங்கியது. அந்தக் கடைசி விக்கல் தேஷாவுடையது. மாமனார் சாவுக்கு அழுதுகொண்டே, புலாவுச் சட்டி இறங்கியாச்சா என்று ஓரக்கண்ணால் பார்க்கும் மருமகனாக அவர் நடிப்பாரே, அந்த விக்கல். அடுப்படியில் வேலையாட்களைச் சிரிக்க வைக்க யூல்ச்சி அதை எத்தனையோ முறை அழுது காட்டியிருக்கிறான். அவன் தொண்டைக்கு வேறு அழுகை தெரியவில்லை.

பதறிப்போய் மறுபடி அழுதான். மறுபடியும் "ஏக்!" சிரிப்பை அடக்கத் தாடியைக் கடித்துக்கொண்டு வந்த பெரியவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"நிறுத்துடா பாவி! மானம் போகுது," என்று காபில் சிரித்துக்கொண்டே கெஞ்சினான்.

உள்ளே பெண்களின் ஒப்பாரி நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து தேஷாவின் மனைவி ஷராஃபத் கேட்டாள்.

"யாரு அது அழுதது?"

யூல்ச்சிக்கு உயிரே போயிற்று. "நான்தான் மதினி. யூல்ச்சி. வேணும்னு செய்யல. மன்னிச்சிருங்க."

"திட்டலைப்பா. அவரு வந்துட்டாரோன்னு நெனச்சேன். இன்னொரு தரம் அழுறியா? ஒரே ஒரு தரம்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. யூல்ச்சி மூச்சை இழுத்துக்கொண்டான். அந்த விக்கல் இத்தனை வருஷப் பழக்கம், இதையாவது அவளுக்குத் தந்துவிடலாம்.

"ஐயோ, எங்கண்ணே..."

விக்கல் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. அவனுடைய சொந்த அழுகை. விழுங்கிவிட்டு மறுபடி எடுத்தான். அதுவும் உடைந்து மூக்கிலும் கண்ணிலுமாகக் கொட்டியது. அடக்க அடக்கப் பெருகியது. காபில் அழுதான், பெரியவர்கள் அழுதார்கள். எந்தச் சாவு வீட்டிலும் குறை சொல்ல முடியாத, முறையான அழுகை.

திரை அசையாமல் நின்றது. கடைசிவரை கேட்டுவிட்டு ஷராஃபத் சொன்னாள்:

"அது இல்லப்பா."