திமிங்கிலம் விழுங்கிய தலைமையாசிரியை

1

ஒரு திமிங்கிலம் எங்கள் பள்ளித் தலைமையாசிரியையை முழுசாக விழுங்கி, மூன்று பீரியட் வயிற்றில் வைத்திருந்து, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் துப்பியது. கடலில் இல்லை. முதல் மாடியில், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில்.

நான் அப்போது அந்தப் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். இப்போது ஓய்வூதியக்காரன், அதாவது காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், நடுவில் யார் அகப்பட்டாலும் இந்தக் கதை. சொல்லச் சொல்லத் திமிங்கிலம் வளர்ந்துகொண்டே வந்தது. (முதலில் இரண்டு பெஞ்சு நீளம்தான். போன வாரம் பால்காரரிடம் சொன்னபோது வால் ஜன்னல் வழியாக வெளியே தொங்கியது.) இன்னும் வளர்ந்தால் எனக்கே நம்பிக்கை போய்விடும் என்ற பயத்தில் எழுத உட்கார்ந்தேன். கதை பிறந்த கதை இவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல். பால்காரர் நம்பிவிட்டார், எதிர்வீட்டு மாமி நம்பிவிட்டார். உலகத்திலேயே இதை ஒத்துக்கொள்ளாத ஆள் ஒருவர்தான்: விழுங்கப்பட்டவர்.

அவர் என் கூடப் பிறந்த அக்கா. பள்ளியில் மேடம், வீட்டில் அக்கா. திட்டு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி. இப்போது அவர் கீழ் வீட்டில், நான் மேல் வீட்டில். எழுதிய பக்கத்தை மாடிப்படியில் வைத்தால், சிவப்பு மையோடு திரும்பி வரும். முதல் பக்கம் இப்படி வந்தது:

"பொய். திமிங்கிலம் என்னைத் துப்பவே இல்லை. மேலும், வேதத்தில் திமிங்கிலம் எங்கே இருக்கிறது? பெரிய மீன் என்றுதான் இருக்கிறது. எழுத்து கோணல்."

2

ஒழுங்காகத் தொடங்குகிறேன்.

கருமேகங்கள் பள்ளி ஆலயத்தின் கோபுரத்தை மெல்லத் தழுவிய அந்தக் காலைப் பொழுதில், ஒரு மாணவியின் இதயத்தில்—

வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கிற வெயில்.

கல்வி என்பது யாதெனில்—

ஐயோ, இதைப் படித்தால் எழுதியவனே தூங்கிவிடுவான்.

சரி, விடைத்தாளிலிருந்து போவோம். எங்களுடையது கிறிஸ்தவப் பள்ளி; ஒரு தீர்க்கதரிசியைப் பெரிய மீன் விழுங்கி மூன்று நாள் கழித்துக் கரையில் கக்கிய பைபிள் கதை வேதபாடத்தில் உண்டு. வேதபாடப் பரீட்சையில் கேள்வி: பெரிய மீனின் வயிற்றில் தீர்க்கதரிசி என்ன செய்தார்? வகுப்பு முழுக்க 'ஜெபம் செய்தார்' என்று எழுதி மார்க் வாங்கிக்கொண்டது. ஒரு பெண் மட்டும், 'ஜெபம் செய்தார். ஆனால் எப்படி மூச்சு விட்டார்?' என்று எழுதினாள். வேதபாடம் எடுப்பவர் அக்கா. முட்டை போட்டார்.

"பதில் எழுதச் சொன்னா, பதிலுக்கு நீ கேள்வி எழுதுறியா?"

"தெரியாததைத்தானே மேடம் கேட்க முடியும்?"

"பரீட்சையில தெரிஞ்சதை எழுதணும்."

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அன்று ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் டீ தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்திருந்த பட்டப்பெயர் கேள்விக்குறி.

முட்டையில் ஒரு ஆபத்து இருந்தது. வேதபாடத்தில் தேறாதவர் மேடை ஏறக்கூடாது என்பது பள்ளி விதி. பள்ளிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியோ நெருங்கிக்கொண்டிருந்தது. கேள்விக்குறிக்கு அந்த மேடை என்றால் உயிர். சைக்கிள் ஷெட்டில் போய் நின்று சைக்கிள்களிடம் பேசிப் பழகுவாள். அத்தனை சைக்கிளும் ஸ்டாண்டு போட்டு, அசையாமல் கேட்கும்.*

* நானே பார்த்தேன். ஒரு சைக்கிள் மணி அடித்துப் பாராட்டியது. (அக்கா: "அடித்தது இவன்.")

அழுதுகொண்டு நின்றவளுக்கு அக்கா ஒரு வழி விட்டார். "வேதபாடக் கண்காட்சிக்கு அந்த மீனைச் செஞ்சு கொண்டா. எனக்குத் திருப்தியா இருந்தா மார்க் போடுறேன். இல்லேன்னா மேடையை மறந்துடு."

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பெண்ணை ரொம்பப் புனிதமாக எழுதுகிறேனோ? அப்படியெல்லாம் இல்லை. பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைப்பாள். பூகோளப் படத்தில் மலைகளை, இடம் காலியாக இருக்கும் பக்கமாக நகர்த்தி வைப்பாள். இப்போது சரியாக வந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா, ஆற்றில் மீன் பிடிக்கும் மூங்கில் கூடு பின்னுகிறவர். "அப்பா, ஒரு மீன் வேணும், ஆள் நுழையற மாதிரி" என்று கேட்டிருக்கிறாள். மனுஷர் வாழ்நாளில் மீனைச் செய்ததில்லை. மீனைப் பிடிப்பதைத்தான் செய்திருக்கிறார். கை பழகியபடியே பின்னிவிட்டார். அகன்ற வாய், குறுகிப் போகும் தொண்டை, தொண்டையைச் சுற்றி உள்பக்கம் பார்த்து நிற்கும் மூங்கில் சிம்புகள். போகும்போது சிம்புகள் வளைந்து வழிவிடும். திரும்பினால் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அதன்மேல் பழைய மேடைத் திரையைச் சாம்பல் நிறம் அடித்துப் போர்த்தினோம். கண் வரைந்தது நான். வலது கண் கொஞ்சம் கோபமாக அமைந்துவிட்டது. எங்கேயோ பார்த்த முகம் என்று வகுப்பே முணுமுணுத்தது. (அக்கா: இந்த வரியின் மேல் இரண்டு கோடு.)

4

இனி விழுங்கும் காட்சி. கதாசிரியர்கள் இங்கே மின்னல் வெட்டுவார்கள். எனக்கு அன்று கிடைத்தது ஓடாத ஒரு ஃபேன்தான்.

விளையாட்டு விழா ஒத்திகை என்று, வகுப்பு சாப்பாட்டு மணி வரை டிரில்லுக்குப் போயிருந்தது. அறையில் நான், கேள்விக்குறி, மீன். அக்கா மார்க் போடும் பேனாவோடு வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"வெளிய பரவாயில்ல. உள்ள?"

"உள்ள போனாத்தான் தெரியும் மேடம்."

"வேண்டாம் மேடம், தொண்டை கொஞ்சம் இறுக்கம்" என்றேன்.

"தீர்க்கதரிசி போகலையா?" என்று சொல்லிக்கொண்டே, புடவையை இழுத்துச் செருகிக் குனிந்து நுழைந்தார். மூங்கில்கள் மரியாதையாக வளைந்தன. தலை போனது, முதுகு போனது, செருப்பும் போனது. பிறகு சலசலவென்று ஒரு சத்தம்.

"டேய்."

பள்ளி வளாகத்துக்குள் அவர் என்னை 'டேய்' என்றது அதுவே முதல் முறை.

"மேடம்?"

"திரும்ப முடியலடா. குத்துது."

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். "திரையில கை வெச்சே, தொலைச்சுடுவேன். பள்ளிக்கூடச் சொத்து!" என்று வயிற்றுக்குள்ளிருந்து ஆணை வந்தது. அந்த நேரம் பார்த்து வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் தடதடவென்று ஓட, பழக்க தோஷத்தில் அக்கா, "யாரது ஓடுறது? வரிசையில போ!" என்று அதட்டினார். பொடிசுகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அதட்டியது மீன். அந்த வகுப்பு அதற்குப் பிறகு வாழ்நாளில் ஓடவில்லை. அதில் நாலு பேர் இன்று போதகர்கள்.

கேள்விக்குறி மட்டும் பதறவே இல்லை. "சார், இது எங்கப்பா கட்டினது. நீங்க போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. மேடத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

ஓடினேன். (நான் ஓடிய வேகத்தைப் பற்றி உணர்ச்சிகரமாக ஒரு பத்தி இருந்தது. அக்கா முழுவதையும் அடித்துவிட்டு, "இவன் ஜென்மத்தில் ஓடியதில்லை" என்று எழுதியிருக்கிறார்.)

அவள் அப்பா வீட்டில் இல்லை. ஆற்றங்கரையிலும் இல்லை. மூன்று பீரியட் நேரம் தேடி அலைந்து, மூச்சிரைக்கத் தனியாகத் திரும்பி வந்தால், மீன் அப்படியே கிடந்தது. ஒரு சிம்பு உடையவில்லை. திரை கிழியவில்லை. வயிறு மட்டும் காலி. அக்கா தன் அறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கொண்டையில் ஒரு மூங்கில் சிம்பு.

"மேடம், எப்படி...?"

"எது எப்படி? போய் கிளாஸைப் பாருங்க, மாஸ்டர்."

சாயங்காலம் பேச்சுப் போட்டிக்குப் போகிறவரின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறியது. கேள்விக்குறியின் பெயர்.

5

அக்கா எப்படி வெளியே வந்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதத்தானே கற்பனை இருக்கிறது?

முடிவு ஒன்று: உள்ளே அக்கா ஜெபித்தார், மீன் மனம் இரங்கிக் கக்கியது. (அக்கா: "ஆண்டவரை உன் கதைக்குள் இழுக்காதே.")

முடிவு இரண்டு: கேள்விக்குறி சாக்பீஸ் தூளை ஊதினாள், மீன் தும்மியது. (அக்கா: "மூங்கில் தும்முமா? முட்டாள்.")

முடிவு மூன்று: எல்லாம் என் மத்தியானத் தூக்கத்தில் வந்த கனவு. (அக்கா: "தூக்கம் மட்டும் உண்மை.")

கேள்விக்குறிக்கே போன் போட்டேன். இப்போது அவள் வக்கீல். கேள்வி கேட்பதற்குக் கட்டணம் வாங்குகிறாள். "சார், அது மேடம் வாயால வரணும்" என்று சிரித்தாளே தவிர, ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஆகவே தோல்வியை ஒப்புக்கொண்டு கடைசி வரியை எழுதினேன்: வாசகரே, முடிவு உங்கள் கையில், அவரை எந்த வழியாக வேண்டுமானாலும் வெளியே கொண்டுவாருங்கள். பக்கத்தை மாடிப்படியில் வைத்தேன்.

6

பக்கம் திரும்பி வரவில்லை. அக்காவே வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி, என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்த வழியா வேணும்னாலுமா? கண்டவங்க கையிலயும் என்னைக் குடுத்துடுவியா? எழுது, சொல்றேன்."

"அப்போ நடந்துச்சா?"

"துப்பலைன்னுதானே சொன்னேன். விழுங்கலைன்னு என்னைக்காவது சொன்னேனா?"

சிவப்பு மை முழுவதையும் புரட்டினேன். சொல்லவில்லைதான்.

"கூட்டுல மாட்டின மீனை எப்படி எடுப்பாங்க?" என்று கேட்டார், வகுப்பில் கேட்பதுபோல.

"வாய் வழியா?"

"உட்காரு. வால்ல ஒரு கட்டு இருக்கும்டா. அதை அவிழ்த்துக் கொட்டிடுவாங்க. அந்தப் பொண்ணுக்கு முதல்லயே தெரியும். உன்னைத் துரத்திவிட்டுட்டு, வால் பக்கம் வந்து உட்கார்ந்தா. 'அவிழ்க்கட்டுமா மேடம்'னா. 'அவிழ்த்துத் தொலை'ன்னேன். 'ஒரே ஒரு கேள்வி மேடம்'னா."

"எப்படி மூச்சு விட்டார்னா?"

"பின்ன?" அக்கா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார், இப்போதும் உள்ளே இருப்பதுபோல. "ஒரே வெக்கை. உன் பெயின்ட் நாத்தம் வேற. என்னென்னமோ பதில் யோசிச்சேன். ஒண்ணும் நிக்கல. கடைசியில, 'தெரியலம்மா'ன்னேன். சர்வீஸ்லயே முதல் தடவை. 'இது போதும் மேடம்'னு டக்குனு அவிழ்த்துட்டா. வெளிய வந்து முழு மார்க் போட்டேன்."

"நல்ல விஷயம்தானேக்கா? தெரியலைன்னு சொன்னதைப் போய் இத்தனை வருஷமா மறைப்பாங்களா?"

"அதை யாரு மறைச்சா?" அக்கா வாசற்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "துப்புச்சு, துப்புச்சுன்னு பால்காரன் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கியே. நான் வந்தது வால் வழியாடா."

சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் என் முதல் பக்கத்தை எடுத்து, 'துப்பியது' என்ற சொல்லை அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க வேற என்ன போடுறது?"

"நீ போடக்கூடாது. உன் புத்தி எனக்குத் தெரியும். படிக்கிறவங்க நாகரிகமா ஏதாவது போட்டுக்கட்டும்."

"மூணு பீரியட்?"

அக்கா யோசித்தார்.

"அது சரிதான்" என்று சொல்லி, வரியின் மிச்சம் முழுவதுக்கும் சேர்த்து ஓரத்தில் ஒரு சிவப்பு டிக் போட்டார்.