பெட்டி போகாத வருஷம்

மலேசியத் தோட்டத்து வரிசை வீடுகள், எங்கள் லயத்தில் இப்போது தமிழ் பேசுகிற வாய் என்னுடையது மட்டும்தான். மற்ற வீடுகளில் நேப்பாளிப் பையன்களும் இந்தோனேசியாவின் லொம்போக்காரர்களும் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். பார்த்தால் "மக்சிக்", அத்தை, என்று மலாயில் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? நம் ஆட்கள் ஒவ்வொருவராக ராசா, மந்தின் என்று டவுன் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஹரோல்ட் இருந்தவரை சண்டை போடவாவது ஒரு புருஷன் இருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. செம்பனை நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலையில் வேலை வாங்குகிற மண்டோர் பெயர் கூப்பிடும்வரை "மரியகொரெட்டி" என்று என்னைக் கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது.

அதனால்தான் பெட்டி. ஹரோல்டின் சித்தப்பா மகன் குடும்பம் திண்டுக்கல் பக்கம் ஓர் ஊரில் இருக்கிறது. ஊரில் கஷ்டப்படுகிறார்கள் என்று என் மாமியார் காலத்திலிருந்தே வருஷம் தவறாமல் இங்கிருந்து பெட்டி போகும். மைலோ, கோடாலித் தைலம், பிஸ்கட் டின், நாங்கள் உடுத்திக் கழித்த துணி. அமுக்கி அமுக்கிக் கயிறு போட்டுக் கட்டி, சிரம்பான் டவுனில் கார்கோ கடையில் கொடுத்தால் கப்பலேறி கிறிஸ்மஸுக்கு முன்னால் போய்ச் சேரும். சேர்ந்த அன்று போன் வரும். வீடே கூடி, ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். அந்தப் போனுக்காகத்தான் இவள் பெட்டி கட்டினாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆமாம், அந்தப் போனுக்காகத்தான்.

போன மே மாதம் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நானே திருச்சிக்கு விமானம் ஏறிவிட்டேன்.

அவர்கள் வீட்டை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மாடி வீடு, அறைக்கு அறை ஏசி. கொழுந்தன் மகள் குளோரியா அலமாரியைத் திறந்து காட்டினாள். நான் அனுப்பிய மைலோ டின்கள் உடைக்காமல் வரிசையாக நின்றன.

"இங்க யாரும் குடிக்கிறதில்ல பெரியம்மா. ஆனா பாக்க அழகா இருக்குல்ல?" என்றாள்.

அழகாம்! நான் ஞாயிற்றுக்கிழமைகூட மண் அள்ளிச் சம்பாதித்தது அங்கே அழகுக்கு நின்றுகொண்டிருந்தது.

"அப்ப துணியெல்லாம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நம்ம வாசல் பெருக்கற பஞ்சாலைக்குக் குடுத்துருவோம். இல்லாத பொம்பள, பாவம். இந்தா வருது பாருங்க."

மாதாவே! கத்திரி வெயில் கொளுத்துகிறது. அந்த வெயிலில், கெந்திங் மலைக்குப் போவதற்காக ஹரோல்ட் வாங்கிய குளிர்ச் சட்டையைக் கழுத்துவரை ஜிப் போட்டு மாட்டிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். முகத்தில் வியர்வை ஊற்றியது. "மலேசியா அக்கா வந்திருக்காங்க, போட்டுக்கிட்டு வந்து காட்டுன்னு நாந்தான் சொன்னேன்" என்று குளோரியாவின் அம்மா பெருமையாகச் சொன்னாள். பஞ்சாலை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கழட்டு தாயி, மொதல்ல அதக் கழட்டு" என்று நானே போய் ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். கோபம் கோபமாக வந்தது. யார்மேல் படுவது? கட்டியது நான், அமுக்கியது நான். இந்தச் சட்டை அங்கே யாருக்கு, எதற்கு என்று ஒரு நிமிஷமாவது யோசித்தேனா?

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "உனக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லு" என்று கேட்டேன். பெட்டி கட்டிய காலத்தில் எவரிடமும் கேட்காத கேள்வி அது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்கம்மா. எம் மக விமலாவுக்கு நர்சிங் படிக்க எடம் கெடச்சிருக்கு. பீசு கட்ட வழியில்லாம அவளும் எங்கூட வாசல் பெருக்க வர்றா" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செய்யறதா இருந்தா அந்த வீட்டு வழியா வேண்டாம்மா. அவங்களுக்கும் தெரிய வேண்டாம், எம் மகளுக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அவளக் கூப்புட்டு நிக்க வெச்சுக் காட்டுவாங்க, இன்னைக்கு என்னையக் காட்டுன மாதிரி. அவ ரோஷக்காரி. படிப்பே வேண்டாம்னுருவா."

"மாதா சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன் தாயி" என்றேன்.

புறப்படுவதற்குள் நேராகக் கல்லூரிக்கே போய், ஹரோல்டின் சேமநிதிப் பணத்திலிருந்து முதல் வருஷத்துப் பீசைக் கட்டினேன். அடுத்த வருஷங்களுக்கும் நானே கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் பெட்டிக்குப் போகிற காசெல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

கிறிஸ்மஸ் வந்தது. போன் வரவில்லை.

பூசை முடிந்து வந்து கோழிக்குழம்பு வைத்தேன். போனை அடுப்புப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுமுறை என்று பையன்களெல்லாம் டவுனுக்குப் போய்விட்டதால் லயமே வெறிச்சென்று கிடந்தது. குழம்பு ஆறிப்போயிற்று. தாங்க முடியாமல் நானே கூப்பிட்டேன். குளோரியாதான் எடுத்தாள்.

"ஹேப்பி கிறிஸ்மஸ் பெரியம்மா! பெட்டி இன்னும் வரலையே, அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இந்த வருஷம் பெட்டி போடலம்மா."

"ஓ... அப்ப என்ன விஷயமாக் கூப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லலா. சும்மாதான்."

இத்தனை வருஷமும் பெட்டியைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். பிறகு அவளே, "பெரியம்மா, ஒரு சேதி! நம்ம பஞ்சாலை மக நர்சுக்குப் படிக்கிறா. யாரோ பீசு கட்டறாங்களாம். ஊர்ல யாருக்கும் தெரியல. யாரா இருக்கும்?" என்றாள்.

நான்தான்டி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போதும். அவள் அம்மா ஓடி வருவாள், கொழுந்தன் வருவார், வீடே போனைச் சுற்றிக் கூடும். நாளைக்கே விமலாவைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். ஒரு பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிடும். எனக்கு அது வேண்டும். மாதாவே, எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

"யாருன்னு தெரியலையேம்மா" என்றேன்.

"சரி பெரியம்மா, விருந்தாளிங்க வந்திருக்காங்க, வெச்சிடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகு, "நான்தான்" என்று சொன்னேன்.