செடிகளுக்கும் ஷிப்ட்

காலை ஏழரைக்குக் கஜபதி வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி பார்வதம் கடைசி டப்பாவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் ஏழு. எல்லாம் அவன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காலி பெயிண்ட் டப்பாக்கள். ஒன்றில் மணி பிளான்ட், இரண்டில் கற்றாழை, மற்றவற்றில் குரோட்டன்ஸ். மண்ணூர்பேட்டையில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. எட்டு வருடமாக நைட் ஷிப்டில் பெயிண்ட் அடித்துவிட்டு வருகிறவனோடு, பெயிண்டில் கலக்கும் தின்னர் நாற்றமும் வந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். செடிகள் வருவதற்கு முன் பகலெல்லாம் புரண்டுகொண்டே கிடப்பான், தூக்கம் மட்டும் வராது. அவன் பாய் பகலுக்கு, அவள் பாய் இராத்திரிக்கு. அப்படியே பழகிவிட்டது.

செடிகள் வீட்டுக்குள் இருக்கும் கெட்ட வாடையை இழுத்துக்கொள்ளும் என்று ரேடியோவில் ஓர் அம்மாள் சொன்னதைக் கேட்டுத்தான் பார்வதம் ஆரம்பித்தாள். இராத்திரியில் மட்டும் கெட்ட காற்று விடுமாம். அதனால் காலையில் அவன் வந்ததும் செடிகள் உள்ளே, சாயங்காலம் அவன் டிபன் கேரியரோடு கிளம்பியதும் வெளியே.

"இன்னா பார்வதம், உன் செடிங்களுக்கும் நைட் ஷிப்டா?" என்று எதிர் போர்ஷன் ஜமீலா கேட்காத நாளில்லை. கேட்டால் கேட்கட்டும். செடியாலோ, அதற்காக அவள் படும் பாட்டைப் பார்த்தோ, இரண்டாம் மாதமே கஜபதி அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே அரிசி களைவதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அந்த வாரம் சனிக்கிழமை அவனுக்கு ஜெனரல் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். கேட்டுக் கேட்டு ஓய்ந்தபிறகு கிடைத்தது. பார்வதம் கேசரி கிளறினாள். கிளறும்போதுதான் உறைத்தது. இனி அவன் தூங்குவது இராத்திரியில், செடிகள் வெளியே இருக்கும் நேரத்தில். பழையபடி தூக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ஆறு டப்பாக்களை வெளியே வைத்தாள். மணி பிளான்ட்டைத் தூக்கும்போது பாயில் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்.

"அது எங்கமே போவுது?"

"ராவுல கெட்ட காத்து வுடும்யா. ரேடியோல சொன்னாங்க."

"எட்டு வர்சமா நானுந்தான் தின்னர் நாத்தத்தோட வந்துகினு கீறேன். என்னிய என்னிக்காவது வெளிய வெச்சியா?"

கஜபதி எழுந்து அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கித் தலைமாட்டில் வைத்தான். பிறகு வெளியே போய் ஒவ்வொன்றாகத் தூக்கிவர ஆரம்பித்தான்.

ஏழும் உள்ளே வந்தபோது இன்னொரு பாய் விரிக்க இடமில்லை. பார்வதம் தன் பாயை விரிக்காமலே மூலையில் சாத்திவிட்டு அவன் பாயில் உட்கார்ந்தாள்.