கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்

புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் மட்டும் கடற்கரைக்குப் போவதாகத்தான் பேச்சு. விடிந்து பார்த்தால் வாசலில் அண்ணன்காரரின் ஜீப் நிற்கிறது. உள்ளே அவர் மனைவி தொப்பியும் கூலிங்கிளாஸுமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். பல்லுக்காரி தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் செருப்பின் வாரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

"எங்கடா போறீங்கன்னு அண்ணன் கேட்டாரு. கேட்டப்புறம் சொல்லாம எப்படி?" என்றான், தலையைத் தூக்காமலே.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் எத்தனையோ வெள்ளைகள் உண்டு, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற வெள்ளையை அவள் கண்டுபிடிக்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாற்றிவிடும். அதனால் மேசையில் ஒரு நீலத் துணி வைத்திருப்பாள். அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சட்டென்று பல்லுக்குத் திரும்பினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

கணவன் மெக்கானிக், அண்ணன்காரரின் ஒர்க்ஷாப்பிலேயே. கெட்டிக்காரன்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆனால் அண்ணன் வாயைத் திறந்தால் போதும், "சரிண்ணா" என்றுவிடுவான், அவர் என்ன சொல்ல வந்தார் என்பதெல்லாம் அப்புறம். "டேய், என் கால்மேல நிக்கிற" என்றதற்கும் ஒருதரம் "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றானாம். ஒர்க்ஷாப்பில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கல்யாணமான புதிதில் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

காரணம், மாடி. அண்ணன்காரர் தன் வீட்டுக்கு மேலே ஒரு போர்ஷன் எழுப்பி, இவர்களை அங்கே வந்துவிடச் சொல்லியிருந்தார். போனால் வாசலுக்கு யார் வந்தார்கள், அடுப்பில் என்ன இருக்கிறது, இவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்பதெல்லாம் கீழ்வீட்டு விவகாரமாகிவிடும். "எனக்கு முடியாதுங்க" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். அவனும் ஒத்துக்கொண்டான். அண்ணனிடம் சொல்லவேண்டியதுதான் பாக்கி. மாதக்கணக்காக அவன் அதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப்பில் ஏறும்போது அவள் காதருகே, "நல்லதாப் போச்சு. இன்னைக்கு அங்க வெச்சுச் சொல்லிடறேன்" என்றான். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது, கட்டிக்கொண்டாயிற்றே.

நம்ப இன்னொரு காரணமும் இருந்தது. போன வருஷம் இதே கடற்கரைக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து, தார்ரோடு முடிந்த இடத்திலிருந்து வெயிலில் நடந்தே போனார்கள். ஊர் இல்லை, கடை இல்லை, மனித வாடையே இல்லை. மணல்திட்டு நெடுக ஆலாப் பறவைகள். கூடு என்று கட்டாமல், வெறும் மணலில் குழி பறித்து முட்டை போடுகிற சின்னப் பறவை. முட்டையும் மணல் நிறம், மேலே மணல்போலவே புள்ளிகள். அவன் எவ்வளவு பார்த்தும் கண்ணில் படவில்லை. "கடலைப் பாத்துட்டுத் திரும்புங்க" என்றாள். அப்படியே செய்தான். செய்தவன் "ஐயோ, காலடியிலேயே இருக்கு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்றான். அன்றைக்கு முழுக்க அவன் யாருக்கும் சரி சொல்லவில்லை. அவள் கட்டிக்கொண்டது அந்த ஆளைத்தான்.

இந்த முறை ஜீப் தார்ரோட்டோடு நிற்கவில்லை. அண்ணன்காரர் மணலிலேயே இறக்கினார். "என்னம்மா பல் டாக்டர், எங்க உன் மிருகக்காட்சிசாலை?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஈர மணலில் நண்டுகள் சிதறி ஓடின. அதுவரை பாதகமில்லை. திட்டு தொடங்கும் இடத்தில் அலை ஏறி வந்து பாதையைக் குறுக்கியிருந்தது. ஆலாக்கள் கிளம்பித் தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றின.

"மாமா, இங்கயே நிறுத்திடுங்க. இனிமே நடந்து போகலாம்" என்றாள்.

"நடக்கிறதா? என்னால ஆகாதும்மா" என்றாள் அண்ணி.

"கீழ ஓட்டினா உப்புத் தண்ணி அடியில ஏறும், வண்டி துருப்பிடிச்சுப் போகும். மேல காஞ்ச மணல்ல ஏத்திக்கலாம். அந்த முனையில டால்பின் வருதாமே" என்றார் அண்ணன்காரர்.

அவள் குதித்து இறங்கி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். "அங்கதான் முட்டை இருக்கு மாமா. பாருங்க, இதோ, சக்கரத்துக்கு நேரா மூணு. அந்தப் பக்கம் ரெண்டு."

அவரும் இறங்கினார். இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார். "மணலுதானேம்மா இருக்கு. ஒண்ணுமே இல்லையே."

"அப்படிப் பாத்தா தெரியாது. கடலைப் பாத்துட்டுத் திரும்புங்க."

"மணல்ல இருக்கிறதுக்கு நான் ஏன் கடலைப் பாக்கணும்?" என்று அவர் சிரித்தார். அண்ணியும் உள்ளிருந்தபடியே சிரித்தாள். அண்ணன்காரர் பொல்லாத மனுஷர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "முட்டை இருந்தா ஏத்துவேனா? நான் என்ன ராட்சசனா?" என்றவர், தம்பியைக் கூப்பிட்டார். "டேய், இங்க வா. நீ பாத்துச் சொல்லு. இருக்குன்னா வண்டியைத் திருப்பிடறேன்."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரே வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை. இதைச் சொல்லிவிட்டால் மாடி விஷயத்தையும் சொல்லிவிடுவான் என்று மனசு முந்திக்கொண்டு ஓடியது.

அவன் வந்தான். மணலைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தான். நிதானமாகவே பார்த்தான். திரும்பினான். அவன் முகம் மாறியதை அவள் கண்ணால் கண்டாள். இடது கால், தானாகவே, கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

"ஒண்ணும் தெரியலண்ணா" என்றான்.

அண்ணன்காரர் ஏறி ஸ்டார்ட் செய்தார். அவள் நகரவில்லை. கணவன்தான் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, "வா, சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாத" என்று ஓரமாக இழுத்தான். இழுக்கும்போதும் முட்டைகளை மிதிக்காமல் சுற்றிக் கால் வைத்தான். அந்தக் கவனத்துக்காகத்தான் அவளுக்கு அவன்மேல் அருவருப்பே வந்தது.

ஜீப் ஏறிப் போயிற்று. முட்டை உடைகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆலாக்கள் போட்ட கூச்சலில் என்ன கேட்கும்?

முனையில் டால்பின் வந்தது. இரண்டு தரம் முதுகைக் காட்டியது. அண்ணி கைதட்டினாள், அண்ணன்காரர் போட்டோ எடுத்தார், தம்பிக்காரன் எல்லோருக்கும் ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தான். அவளுக்கும் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

திரும்பும்போது அதே தடத்தில் ஓட்டினார்கள். தார்ரோடு வந்ததும் அண்ணன்காரர் குஷியாக, "பெயிண்ட் எல்லாம் முடிஞ்சுது. அடுத்த வாரம் மாடிக்கு வந்துடுங்க" என்றார்.

"சரிண்ணா."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஏங்க, அங்க முட்டை இருந்துச்சா, இல்லையா?"

அவன் ஜன்னல் வழியே கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப சொன்னா ஒண்ணும் கெட்டுப்போகாது. இருந்துச்சா?"

"...இருந்துச்சு."

அண்ணன்காரர் பிரேக் போட்டார். முழுசாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "டேய், உன்னைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டேனேடா. அப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா திருப்பியிருப்பேனே. ஏன்டா சொல்லல?"

"நீங்கதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களேண்ணா" என்றான் அவன்.

அண்ணி கூலிங்கிளாஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பல்லுக்காரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எதிரே பஸ் நிற்கிற இடம், தகரக் கூரையும் ஒரு பெஞ்சும்.

"நான் இங்கயே எறங்கிக்கறேன். எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க மாடிக்குப் போங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்றாள் அவனிடம்.

அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். அண்ணன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு யாரைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி" என்றான்.