குசினியில் கேட்ட கேள்வி

ஆனந்தராசா மெல்பேர்னுக்கு விமானம் ஏற இன்னும் இருபத்தாறு மணித்தியாலங்கள் இருந்தன. அதற்குள் அவருடைய ஞாபகத்தை அம்ரா அளந்து முடிக்க வேண்டும்.

அங்கே செய்த ஞாபகசக்திச் சோதனையில் அவருக்குப் புள்ளிகள் குறைவு. கார் ஓட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கேள்விகளெல்லாம் வெள்ளைக்காரருக்கானவை என்று மகள் பிரசாந்தினி சண்டை பிடித்தாள். புலம்பெயர்ந்த முதியவர்களுக்காகத் தமிழில் மாற்றி எழுதப்படும் சோதனை ஒன்றைக் கேள்விப்பட்டு, விடுமுறைக்குத் திருகோணமலை வந்த தகப்பனை அதற்குப் பதிந்துவிட்டாள். இதில் தேறினால் கார் ஓட்ட மறுபடி விண்ணப்பிக்கலாம். நாலு வயதுப் பேரனைக் காரில் நேசரிப் பள்ளிக்கு ஏற்றி இறக்குவது பழையபடி அவர் வேலையாகும்.

மாற்றி எழுதியவர்களில் அம்ராவும் ஒருத்தி. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள்.

"இப்ப என்ன காத்து வீசுது ஐயா?" மெல்பேர்ன் சோதனையில் அது 'என்ன பருவம்' என்றிருந்த கேள்வி.

"கச்சான், தென்மேல் காத்து. துறைமுகத்தில முப்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டினவனிட்டக் கேக்கிற கேள்வியே பிள்ளை இது?"

காண்டாமிருகத்துக்குப் பதிலாக வைத்த சுறாப் படத்தைக் கண்டதும், அது என்ன சுறா என்றே சொன்னார். ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் நான்கைத் திருப்பிச் சொன்னார். தேறிவிட்டார்.

மிச்சம் இருந்தது வீட்டாரிடம் கேட்கும் பகுதி. மனைவி புஷ்பவதி பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"போன இடத்தில வழி மாறுறவரோ அம்மா?"

புஷ்பவதி கணவரைப் பார்த்தார். "சே, இல்லை."

"ஆக்களை மறக்கிறவரோ?"

மறுபடியும் அவரைத்தான் பார்த்தார். "அப்படியொண்டும் இல்லை."

"இவவின்ட கறியில உப்புக் கூடினதை மட்டும் நான் மறக்கிறேல்லை" என்று ஆனந்தராசா சிரித்தார். புஷ்பவதி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அம்ராவின் பேனை நின்றது. கேள்விகளை எல்லாம் மாற்றியிருந்தார்கள். யாருக்கு முன்னால் வைத்துக் கேட்பது என்பதை மாற்றவில்லை. வாப்பா பக்கத்தில் இருக்க இதையே கேட்டால், அவளுடைய உம்மா என்ன சொல்லியிருப்பார்?

"அம்மா, மிச்சத்தைக் குசினியில வச்சுக் கேக்கட்டோ?"

"எனக்குப் பின்னால என்ன கதை?" ஆனந்தராசாவின் சிரிப்பு போய்விட்டது. "இஞ்சயே கேளும்."

அவளுக்கு முகம் சூடேறியது. "இல்லை ஐயா. எல்லாரிட்டையும் அப்படித்தான் கேக்கப்போறம்." அந்த முடிவு இப்போதுதான் எடுத்தது என்று சொல்லவில்லை. எழும்பி நடந்தாள்.

அடுப்பு இன்னும் சூடாயிருந்த குசினியின் கதவைப் புஷ்பவதி சாத்தினார். "சொன்னா மகளுக்குச் சொல்லுவீங்களோ?"

"ஓம் அம்மா. சொல்லாம விட ஏலாது."

"அவரைக் கொண்டுபோய் முதியோர் ஹோமில விட்டிருவினம் பிள்ளை."

அம்ரா புள்ளித் தாளை அவர் முன் நீட்டினாள். "அவர் தேறிட்டார் அம்மா. நான் இதை இப்படியே அனுப்பினா, பேரனை ஏத்தப் போறது அவர்தான்."

"புஷ்பம்!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. கதிரை நகரும் சத்தமும் கேட்டது. புஷ்பவதி திரும்பிப் பார்க்கவில்லை.

"மாசி மாசம். அங்க நல்ல வெய்யில். நேசரிக்குப் போய் வந்து, காரை நிப்பாட்டிப்போட்டு உள்ள வந்தவர். பேரன் எங்கையெண்டு கேட்டன். எந்தப் பேரன் எண்டு கேட்டார்." சாத்தின கதவில் கையை ஊன்றினார். "பிள்ளை பூட்டின காருக்குள்ள அழுதுகொண்டு கிடந்தவன்."